நான் உழுத ஆறு சால்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? சித்தப்பா வீட்டில் தங்கிப் படிப்பது எனக்குப் பழகிவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறேன்.

பின்பக்கத்தில் முதல்முறையாகத் தோட்டம் போட, சித்தப்பா தன்னைவிட வயதான ஒரு குட்டி டிராக்டர் வாங்கினார். அதன் பின்னால் சுழலும் கலப்பை மண்ணைக் கிளறாமல் வருடிக்கொண்டே போனது.

"என்னங்க, மண்ணுக்குத் தலை சீவி விடுதா உங்க வண்டி?" என்று சித்தி சிரித்தார்.

சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. "நாளைக்கே பழைய இரும்புக்குப் போட்டுடறேன்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வண்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். கலப்பையின் கத்திகளைக் கழற்றித் துடைத்தபோதுதான் தெரிந்தது, இடது பக்கத்துக் கத்திகளைச் சித்தப்பா வலது பக்கம் மாட்டியிருக்கிறார். அதனால் வெட்டும் முனை பின்னோக்கி இருந்தது. அவர் நம்பவில்லை. படத்தைக் காட்டினேன். மாற்றி மாட்டினோம்.

"நீங்களே ஓட்டுங்க, இன்ஜினியரம்மா" என்று என்னை ஏற்றிவிட்டார்.

மண் கட்டி கட்டியாகப் புரண்டது, அப்பா. ஆறு சால் உழுதேன். நான்காவது கொஞ்சம் கோணல்தான். கட்டைவிரலில் சின்னச் சிராய்ப்பு. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கொஞ்சம் வெண்டை விதை அனுப்புங்கள். இங்கே கடையிலும் கிடைக்கும். ஆனாலும் நீங்கள் அனுப்புங்கள். பொட்டலத்தின் மேல் என் பெயரை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

சித்தப்பா கூப்பிடுகிறார். மீதித் தோட்டத்தையும் நான்தான் உழ வேண்டுமாம்.

உங்கள் மகள்