தக்காளிக் குழம்பும் இரண்டு முட்டையும்

மருதாசலம் விழித்தபோது வெயில் ஏறிவிட்டது. மனைவி ராமாத்தாளைக் காணோம். குழம்புச் சட்டியின் மூடிமேல் ஒரு சீட்டு இருந்தது.

"ஏனுங்க, கந்தம்மாளைப் பாக்கப் போறேன். கோவிச்சுக்காதீங்க. தக்காளிக் கொழம்பு கூட்டி வெச்சிருக்கறேன். கொதி வந்ததும் ரெண்டு முட்டையையும் உடைச்சு ஊத்தி மூடிருங்க. கரண்டி போட்டுக் கலக்கீராதீங்க. சோறு உறியில இருக்குது. சாவி மாடத்துல."

கந்தம்மாள் அவர்களுடைய ஒரே மகள். ராசிபுரத்து நெசவாளி ஒருவனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து, இரண்டு வருஷமாக அவள் பேச்சையே அவர் எடுக்கவிடவில்லை.

"சொல்லச் சொல்லப் போயிட்டாளா!" என்று பொருமியபடி அடுப்பைப் பற்றவைத்தார். முட்டை பதமாக வெந்தது. கோபத்திலும் பசி இருந்தது, நிதானமாகவே சாப்பிட்டார்.

கைகழுவி வந்து, கிழித்துப் போடச் சீட்டை எடுத்தார். பின்பக்கத்திலும் நெருக்கி எழுதியிருந்தாள்.

"விடியறதுக்குள்ள மாப்பிள்ளை வந்தாருங்க. பிரசவத்துல கொழந்தை போயிருச்சு. இவளும் பொழைக்கறது கஷ்டமாம். சேலம் ஆஸ்பத்திரியில கெடந்துக்கிட்டு அப்பனைக் கேக்கறாளாம். உங்களை எழுப்பப் பயமா இருந்துச்சு. எட்டு மணி பஸ்ஸுக்கு வந்துருங்க சாமி."

மருதாசலம் சேந்தமங்கலம் சாலைக்கு ஓடினார். பஸ் போய் வெகுநேரமாகியிருந்தது. அடுத்தது சாயங்காலம்தான்.

இருட்டிய பிறகு அவர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது, வெறும் கட்டிலருகே ராமாத்தாள் உட்கார்ந்திருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்:

"மத்தியானம் வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தாளுங்க."