இறுக்கியதாக நினைத்த ஏழு வண்டிகள்

மார்ச் 4, திங்கள்

டயர் கடையில் சக்கர நட்டுகளைக் கழற்றவும் இறுக்கவும் இருக்கும் ஏர் கன்னை இன்று நானே பிரித்துச் சரிசெய்துவிட்டேன். இரண்டு வாரமாகத் திணறிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரே துரு. துடைத்து, கிரீஸை நன்றாக அப்பி மூடினேன். இப்போது சத்தம் கணீரென்று வருகிறது. அக்காவைக் கட்டி, இந்தக் கடையில் என்னைச் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாத அத்தான், "பரவாயில்லையே, கைவசம் தொழில் இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 5

மூன்று வண்டிகள். கன் பிரமாதம்.

மார்ச் 6

நான்கு வண்டிகள். கடைசியாக ஒரு அம்மா ஓட்டி வந்த பள்ளிக்கூட வேன். சக்கரங்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டேன். இரண்டு நட்டுகள் கன்னுக்கு மசியவில்லை, கை ஸ்பேனரால் கழற்றினேன். துருவாக இருக்கும்.

மார்ச் 7, வியாழன்

துருவாவது மண்ணாவது!

காலையில் வந்த காரில் ஒரு நட்டும் கழலவில்லை. கன் கத்துகிறதே தவிர வேலை செய்யவில்லை. கழற்றவே வலுவில்லாதது இறுக்க மட்டும் எப்படி இறுக்கும்? கையால் கழற்றிய ஒரு நட்டைக் கன்னால் இறுக்கி, அதில் கை ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தேன். அரைச்சுற்றுக்கு மேல் போனது.

பிரித்தேன். காற்று சுழற்ற வேண்டிய மெல்லிய தகடுகள் கிரீஸில் ஒட்டிக் கிடந்தன. அங்கே சொட்டு எண்ணெய்தான் விடணும். தெரியாதா எனக்கு? தெரியும். கிரீஸ் போட்டா இன்னும் நல்லா ஓடும்னு நானா முடிவு பண்ணிட்டேன். அப்புறம் சத்தத்தை நம்பிட்டேன்.

ஏழு வண்டி ரோட்டுல ஓடிட்டிருக்கு. அதுல ஒண்ணு நிறைய பிள்ளைங்க.

அத்தானிடம் சொன்னேன். "வாயை மூடிட்டு இரு. வெளிய தெரிஞ்சா ஒருத்தன் வருவானா கடைக்கு?"

வாயை மூட முடியவில்லை. பில் புத்தகத்தைப் பார்த்து ஆறு பேருக்கும் போன் செய்துவிட்டேன். ஒருவர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். திட்டட்டும், வண்டியை ஓரங்கட்டிவிட்டார் அல்லவா. வேன்காரம்மாவின் எண் மட்டும் புத்தகத்தில் இல்லை. வேனில் எந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர் இருந்தது? நான் சக்கரத்தைத் தவிர எதைப் பார்த்தேன்?

சாயங்காலம் இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு ஓடினேன். முதலாவதில் அந்த வேன் இல்லை. இரண்டாவதில் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். காவலாளி சொன்ன அடையாளமும் பொருந்தவில்லை. மூன்றாவது பள்ளிக்கூடம் ஊருக்கு அந்தப் பக்கம்; அதற்குள் இருட்டிவிட்டது.

மார்ச் 8

கண் மூடவில்லை. ஆறு மணிக்கே மூன்றாவது பள்ளிக்கூட வாசலில் நின்றேன். எட்டேகாலுக்கு அந்த வேன் வந்தது. குறுக்கே போய் நின்றுவிட்டேன்.

"என்ன தம்பி இது? சாகணுமா?"

சொன்னேன். பின்பக்க இடது சக்கரத்தில் இரண்டு நட்டுகள் விரலுக்கே திரும்பின. வேன்காரம்மா குனிந்து பார்த்தார். எழுந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கினார். கடைசிக் குழந்தை உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினேழு பேரு, தம்பி."

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். எல்லா நட்டுகளையும் கையால் இறுக்கினேன்.

மார்ச் 9

விஷயம் அத்தான் காதுக்குப் போய்விட்டது. என்னிடம் பேசவில்லை. அக்கா மூலமாகச் செய்தி வந்தது: இனி கன்னைத் தொடக்கூடாது.

மார்ச் 13

ஒரே ஒரு பஞ்சர். அத்தான் சொன்னது பலித்துவிட்டது. என்னாலதான். வேலையை விட்டுப் போயிடலாமா?

மார்ச் 18, திங்கள்

முன் டயர்கள் இரண்டையும் மாற்ற வேன்காரம்மா வந்தார். ஊரில் வேறு கடை இல்லையா என்ன? அத்தான் என்னைப் பார்த்து, "நீயே பண்ணு" என்றார். ஒன்பது நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு. கையாலேயே இறுக்கினேன்.

முடித்ததும் வேன்காரம்மா கையை நீட்டினார். "ஸ்பேனரைக் குடுங்க தம்பி. நானும் ஒரு தடவை பாத்துக்கிறேன்."

கொடுத்தேன். நான்கு சக்கரங்களையும் சோதித்தார். முழு பலத்தையும் போட்டு, ஒவ்வொரு நட்டாக. அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இருபதையும் நானும் கூடவே எண்ணிக்கொண்டு நின்றேன். ஒன்றும் அசையவில்லை.

"சரி" என்று சொல்லி வண்டியை எடுத்தார். இன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.