வெயிலில் பின்னிய மப்ளர்

சித்திரை, செவ்வாய்க்கிழமை ராத்திரி.

பிள்ளைகள் லீவுக்கு அத்தை ஊருக்குப் போனதிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. காலையில் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் செடிகளுக்குத் தண்ணீர், மத்தியானம் கம்பளி நூலும் ஊசியும். நிம்மதியாக இருந்தேன். இன்று வீட்டுக்காரர் லாரியோடு வந்து சேர்ந்தார்.

மார்கழியில் டெல்லி லோடு போனால் குளிருமே என்று வேர்க்க வேர்க்க அவருக்கு ஒரு மப்ளர் பின்னியிருந்தேன். அழுக்குத் தெரியாத கறுப்பு, ரெண்டு முனையிலும் குஞ்சம். கையில் கொடுத்தேன். மனுசன் நேராகப் போய் லாரி முகப்பில் கட்டிவிட்டு வந்து நிற்கிறார்.

"லாரிக்குக் கண்ணு படாம இருக்கக் கட்டறதுதான புள்ள? கடையில விக்கிறதவிட நல்லாருக்குது."

"அது உங்க கழுத்துக்குங்க!"

"என்னைய ஆரு கண்ணு வெக்கப்போறா?"

பொடக்காலிக்குப் போய்க் களை பிடுங்கினேன். கோபம் அடங்கிப் பார்த்தால், களை அப்படியே இருக்கிறது, கொத்தமல்லியைக் காணோம்.

சாயங்காலம் அவரோட கூட்டாளி டிரைவர் ஒருத்தர் வந்தார். முகப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் லாரிக்கும் அதே மாதிரி ஒன்று பின்னித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"குஞ்சம் எவ்வளவு நீளம் வெக்கோணுங்க?" என்றுதான் வந்தது.