சித்திரைத் தேர் முடியட்டும்

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் அம்மாவின் பதின்மூன்றாம் நாள் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது ஏர்போர்ட் வாசலில் கேட்டீர்கள்: "நீ பல் டாக்டர்தானே? ஒரு பல்லுக்கா அம்மா போனா?" நான் உங்கள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மார்கழியிலேயே பிடுங்கியிருக்க வேண்டிய பல் அது. இருபது நிமிஷ வேலை. "பகல் பத்து ஆரம்பிச்சாச்சு, இப்போ வாயில ரத்தம் வேண்டாம்டி. மாத்திரை குடு, பெருமாளைச் சேவிச்சுட்டு வரேன்" என்றார் அம்மா. ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தேன். வலி அடங்கியது. உள்ளே சீழ் அப்படியே இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தையில் தேர், மாசியில் தெப்பம், பங்குனியில் சேர்த்தி. ஸ்ரீரங்கத்தில் திருவிழாவுக்கா பஞ்சம்? ஒவ்வொரு தடவையும் மாத்திரை கேட்டார், கொடுத்தேன். மாமியாரிடம் முடியாது என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. கடைசியாக, "சித்திரைத் தேர் முடியட்டும், கட்டாயம் வந்து உட்கார்றேன்" என்றார்.

அதற்குள் கழுத்துவரை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அந்தக் கிருமி என் மாத்திரைக்கெல்லாம் பழகிப்போயிருந்தது. வேறு மருந்து வேலை செய்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

தேர் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று காலை காலண்டரில் நேற்றைய தேதியைக் கிழித்தேன். இன்றைய தாளில் அம்மா பென்சிலால் எழுதியிருக்கிறார்: "பல். பத்து மணி. பயப்படக் கூடாது."

பயம் என்று என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்து மணிக்கு கிளினிக்கில் யாரையும் நாற்காலியில் உட்காரவைக்கவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் எழுதிவிட்ட,
உங்கள் மனைவி