வாசலுக்கு எட்டாத குழாய்

அடி வாலு,

போனில் நான் "ம்", "சரி", "வெச்சிடறேன்" என்று மட்டும் பேசுவதைக் கோபம் என்று நினைத்து நீ கூப்பிடுவதையே விட்டுவிட்டாயாம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் உன் சிநேகிதி சொன்னாள். கோபமெல்லாம் இல்லை. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்குகிறது. அது உன் காதில் விழ வேண்டாம் என்றுதான் பட்டென்று வைத்துவிடுகிறேன். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. பார், எப்படி வாயாடுகிறேன்.

நுரையீரல் வழக்கம்போலத்தான். கூடத்தில் ஆக்சிஜன் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் குறட்டை விடுவது அது ஒன்றுதான்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். இப்படியே மிஷினோடு காலத்தை ஓட்டலாம், இல்லையென்றால் கெட்டுப்போன பகுதியை வெட்டி எடுக்கலாம்.

"பண்ணிட்டா கொஞ்சம் நல்லா நடமாடலாம்மா. ஆனா அதுக்கப்புறம் கொஞ்ச நாள் கூடவே ஒரு ஆள் வேணும். யார் இருக்கா?"

"பொண்ணு இருக்கா" என்று வாய் முந்திக்கொண்டது. நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. மிஷினே போதும் என்று அடுத்த முறை போகும்போது சொல்லிவிடுகிறேன்.

மூக்கில் மாட்டியிருக்கும் குழாய் சமையலறை வரை வருகிறது, வாசலுக்கு எட்டுவதில்லை. யாராவது மணி அடித்தால், அதைக் கழற்றி வைத்துவிட்டு நான் மெல்ல நடந்து போவதற்குள் திரும்பிப் போய்விடுகிறார்கள். அதனால் பகலில் கதவைச் சாத்துவதோடு சரி, தாழ் போடுவதில்லை.

நீ மணி அடித்துக்கொண்டு நிற்காதே.

உன் வாயாடி
அம்மா