அதிகம் பேர் சேமித்த பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

நேற்று அலமாரியைத் திறந்தோம். மர அலமாரி இல்லை, கணினியில் இருப்பது. எங்கள் அலுவலகத்தில் உருப்படியான இணையப் பக்கம் ஒன்று கண்ணில் பட்டால், ஆளாளுக்குத் தன் கணினிக்குள் பூட்டிக்கொண்டு மூச்சு விடாமல் இருப்பார்கள். இனிமேல் அதை எல்லாரும் பார்க்கிற இடத்தில் சேமிக்க வேண்டும். பக்கத்திலேயே தன் வார்த்தையில் ஒரு குறிச்சொல் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான். வாங்கச் சொன்னது நான், அலமாரி என்று பெயர் வைத்தது நான், அதை நிர்வகிக்கிற கடவுச்சொல், அதாவது சாவி, அதுவும் என்னிடம்தான்.

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் போகிற பெரிய சலவை இயந்திரங்கள். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்று டெக்னீசியன்களுக்குச் சொல்கிற கையேட்டைப் பதினாறு வருடமாக எழுதி வருகிறேன். பக்கத்து மேசைக்காரி படம் வரைகிறாள். எங்கள் பிரிவு இந்த இரண்டு பேர்தான். "இதையெல்லாம் யாராவது படிக்கறாங்களா?" என்று பொது மேலாளர் போன மாதம் கேட்டார். மூன்று மாதம் கொடுங்கள், அலமாரியில் எத்தனை பேர் சேமிக்கிறார்கள் என்று காட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். காட்டாவிட்டால் அலமாரியும் போகும், எங்கள் பிரிவும் விற்பனைப் பிரிவோடு கரைந்துபோகும். காட்டுவேன்.

கூட்டத்தில் ஒரே ஒரு விதி சொன்னேன்: ஒருவர் ஒட்டிய குறிச்சொல்லை இன்னொருவர் தொடக் கூடாது. கைதட்டினார்கள். சர்வீஸ் மேலாளர் மட்டும் கொட்டாவி விட்டார். விடட்டும்.

ஜூன் 5, வியாழன்

இதுவரை சேமித்தவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் நான்.

ஜூன் 13, வெள்ளி

அலமாரி பிழைத்துக்கொண்டது. என் பேச்சுத் திறமையால் என்று எழுத ஆசைதான். உண்மையில், கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் முதுகுவலி உடற்பயிற்சிப் பக்கத்தைச் சேமித்து 'நம்ம நாற்காலி தந்த வரம்' என்று ஒட்டியிருந்தார். அதைப் பார்க்க வந்த கூட்டம் அப்படியே தங்கிவிட்டது. கொள்முதல் பிரிவு ஒரு விற்பனையாளரின் பக்கத்தில் 'பொருள் தங்கம், போனை எடுக்க மாட்டார்' என்று ஒட்டியிருக்கிறது. நான் கேட்டது இதைத்தான்.

மதியம் கேன்டீனில் பதிமூணு எதிரே வந்து உட்கார்ந்தார். டெக்னீசியன்களிலேயே மூத்தவர். சட்டைப் பையில் பதிமூன்றாம் நம்பர் ஸ்பானர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர்.

"மேடம், இதுல எது வேணா எழுதலாமா?"

"எது வேணா எழுதுங்கண்ணா. உங்க வார்த்தைதான் வேணும்."

"அப்புறம் யாரும் வருத்தப்படக் கூடாது."

"எதுக்கு வருத்தப்படப் போறாங்க?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். குறைவாகப் பேசுகிற மனிதர், அதிகம் சிரிக்கிறவரும் இல்லை. இன்று என்னவோ சிரித்தார்.

ஜூன் 26, வியாழன்

இருநூற்றுப் பத்துப் பேரில் நூற்றுப் பதினெட்டுப் பேர்! பாதியைத் தாண்டியாகிவிட்டது.

அதைவிடப் பெரிய செய்தி: நிறுவனத்திலேயே அதிகம் பேர் சேமித்திருக்கும் பக்கம் என்னுடையது. இணையத்தில் இருக்கும் எங்கள் கையேட்டின் 64ஆம் பக்கம், கதவு ரப்பர் மாற்றும் முறை. முப்பத்தொரு பேர். பட்டியலில் முதல் இடத்தில் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. படம் வரைகிறவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என் படத்துக்காகத்தான் சேமிச்சிருப்பாங்க அக்கா" என்றாள். விட்டுக்கொடுத்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ரப்பர் மாத்தறதை முப்பத்தொரு பேர் படிக்கிறாங்களா? அப்ப உலகம் ஒழுங்காத்தான் போயிட்டிருக்கு" என்றார். பொறாமை.

ஜூலை 8, செவ்வாய்

நாளைக் காலை பொது மேலாளர் முன்னால் திரை போட்டுக் காட்ட வேண்டும். அதற்காக 64ஐத் திறந்தேன். பட்டியலில் எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். பக்கத்தைத் திறந்தால்தான் யார் என்ன ஒட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும். இத்தனை நாளும் அதைத் திறந்து பார்க்கத் தோன்றவே இல்லை — எண்ணே போதுமாக இருந்தது எனக்கு.

'நம்பாதே' — 23 பேர்.
'ரெண்டு தடவை' — 6 பேர்.
'பார்த்துட்டு சிரி' — 2 பேர்.

முகம் சுட்டது. வரிவரியாகப் படித்தேன். ஒரு தப்பும் இல்லை. ரப்பரைப் பிடிக்கிற வளையத்தில் எட்டு போல்ட், குறுக்கும் மறுக்குமாக இறுக்க வேண்டும், 'மறுமுறை இறுக்கத் தேவையில்லை'. நம் பட்டறையில் என் கையாலேயே செய்து பார்த்து எழுதியது. பின்னே என்ன நம்பாதே? எதை ரெண்டு தடவை? பதிமூணைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சாவி வைத்திருப்பவருக்கு மட்டும் 'மறை' என்று ஒரு பொத்தான் உண்டு. நாலு மணிக்கு மூன்று சொற்களையும் மறைத்தேன். அழிக்கவில்லை. நாளைக்கு ஒரு நாள்தானே.

ஜூலை 9, புதன்

"முப்பத்தொரு பேரா? பரவாயில்லையே" என்றார் பொது மேலாளர். சர்வீஸ் மேலாளர் இந்தத் தடவை கொட்டாவி விடவில்லை. படம் வரைகிறவள் மேசைக்குக் கீழே என் கையை அழுத்தினாள்.

ஒரு மணிக்கு மூன்று சொற்களையும் திரும்பக் காட்டிவிட்டேன். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

ஆஸ்பத்திரி ஒன்றில் சலவைக்கூடம் முழுக்கத் தண்ணீர். நேற்றுக் காலை நம் ஆள் கதவு ரப்பர் மாற்றிய இயந்திரம். இன்று காலையில் பிரசவ வார்டுக்குத் துவைத்த விரிப்பு போய்ச் சேரவில்லையாம்.

நேற்றுக் காலை.

ஜூலை 11, வெள்ளி

ரப்பர் மாற்றியது புது டெக்னீசியன். இங்கே சேர்ந்து இரண்டு மாதம். வேறொரு நிறுவனத்தில் பத்து வருடம் வேலை பார்த்தவர், நாற்பது வயதிருக்கும், நிமிர்ந்து பேசுகிற பெண். சர்வீஸ் மேலாளரின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. கையேடு சம்பந்தப்பட்டது என்று என்னையும் வாசலில் நிற்க வைத்திருந்தார்கள்.

"அந்தப் பக்கத்துல 'நம்பாதே'ன்னு அத்தனை பேர் போட்டிருக்காங்க. பார்க்காம எப்படிம்மா வேலை செஞ்சீங்க?"

"பார்த்தேன் சார். ஒன்பது மணிக்கு, இயந்திரத்துக்கிட்ட நின்னுதான் பார்த்தேன். அப்ப எதுவும் இல்லை."

"ஒரு மாசமா இருக்கு. எல்லாருக்கும் தெரியும்."

"நான் பார்த்தப்ப இல்லை சார்."

மேலாளர் தன் கைபேசியில் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார். அந்தப் பெண் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "சரியாப் பார்க்கலையோ என்னவோ" என்றார். அதுவரை உறுதியாக இருந்த குரல் அது இல்லை.

திங்கட்கிழமை எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப் போகிறார்களாம்.

நான் வாசலில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கல? ரெண்டு வார்த்தை. "மறைச்சது நான்." இதைச் சொல்ல என்ன கேடு எனக்கு? பதினாறு வருஷமா மத்தவங்களுக்கு இதைச் செய், அதைச் செய்னு எழுதறவ — எனக்கு நானே ஒரு வரி எழுதிக்கத் தெரியல.

சொன்னால் அலமாரி போய்விடும். குறிச்சொல்லைத் தொடக் கூடாது என்று விதி போட்டவளே தொட்டாள் என்றால் நாளைக்கு யார் அதில் எழுதுவார்கள்? அலமாரி போனால் பிரிவு போகும், பக்கத்து மேசைக்காரி விற்பனைத் துண்டுப்பிரசுரத்துக்குப் பூ வரைந்துகொண்டிருப்பாள். இப்படியெல்லாம் யோசித்து நியாயம் கட்டிப் பார்த்தேன். அத்தனை நியாயத்துக்கும் நடுவில் அந்தப் பெண்ணின் குரல்தான் கேட்டது.

ஜூலை 12, சனி

"அந்த ஜன்னலைக் காலையிலேருந்து மூணாவது தடவை துடைக்கிறே" என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "திங்கட்கிழமை எத்தனை மணிக்கு எழுப்பணும்?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 14, திங்கள்

எட்டரைக்கே போய்ப் பொது மேலாளர் அறை வாசலில் நின்றேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சுற்றி வளைப்பேன் என்று எனக்குத் தெரியும்.

"எவ்வளவு நேரம் மறைச்சு வெச்சிருந்தீங்க?"

"இருபத்தொரு மணி நேரம் சார்."

"நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"அந்தம்மாவுக்குத் தெரியும் சார். தன் கண்ணால பார்த்ததையே அவங்க சந்தேகப்படற மாதிரி பண்ணிட்டேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த அலமாரியை மூடிட வேண்டியதுதான் போல."

அப்போதுதான் எனக்கு என் குரல் திரும்பி வந்தது. "கூடாது சார். அலமாரி அதோட வேலையைச் சரியாச் செஞ்சுது. அத்தனை பேர் எச்சரிச்சாங்க, நான்தான் வாயைப் பொத்தினேன். தண்டனை எனக்குக் கொடுங்க. சாவியை வேற ஒருத்தர்கிட்ட கொடுங்க."

எச்சரிக்கைக் கடிதத்தில் பெயர் மாறியது. பதினாறு வருடத்தில் எனக்கு முதல் கடிதம். சாவி பதிமூணிடம் போயிற்று. சர்வீஸ் மேலாளர் எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் "நீங்க பார்த்தது சரிதான்" என்றார். நான் அந்தப் பெண் எதிரில் போய், "தப்பு என்னுதுங்க. மன்னிச்சிடுங்க" என்றேன்.

"மன்னிப்பு இருக்கட்டும் மேடம்" என்றார். "முதல்ல அந்தப் பக்கத்தைச் சரி பண்ணுங்க."

ஜூலை 15, செவ்வாய்

பதிமூணோடு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. நான் விவரித்து எழுதும் இயந்திரங்கள் இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது.

எட்டு போல்ட்டையும் நான் எழுதியபடியே இறுக்கினார். இயந்திரத்தைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு சுற்று ஓட்டினார். ஆறியதும் ஸ்பானரை என் கையில் கொடுத்து, "இப்பத் திருப்பிப் பாருங்க" என்றார். ஒவ்வொரு போல்ட்டும் கால் சுற்று போயிற்று.

"சூட்டுல ரப்பர் இளகி உட்கார்ந்துடும் மேடம். மறுபடி இறுக்கணும். இல்லைன்னா மறுநாள் வெள்ளம்."

"பட்டறையில எனக்கு அப்படி ஆகலையே அண்ணா."

"நம்ம பட்டறையில ஏது சுடுதண்ணி? பச்சைத் தண்ணிக் குழாய் ஒண்ணுதானே இருக்கு."

பதினாறு வருடம். அந்தக் குழாயில்தான் நான் தினமும் கை கழுவுகிறேன்.

"இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

அவர் போல்ட்டைத் துடைத்துக்கொண்டே, "சொன்னேன் மேடம்" என்றார். "மெயில் போட்டேன்."

ஜூலை 16, புதன்

தேடி எடுத்தேன். நாலு வருடத்துக்கு முன்னால். 'மேடம், பக்கம் 64. சுடுதண்ணீர் ஓடிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும்.' என் பதில் ஏழே நிமிடத்தில் போயிருக்கிறது: 'கையேட்டில் உள்ளபடி சரியாகச் செய்தால் அந்தத் தேவை வராது.'

வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடவில்லை.

ஜூலை 23, புதன்

64ஐ மூன்று சலவைக்கூடங்களில் நின்று எழுதினேன். எட்டு வரி பதினான்கு வரி ஆனது. படம் வரைகிறவளும் கூட வந்தாள். ஆவியில் ஒன்றுமே கண்ணுக்குத் தெரியவில்லை என்று புலம்பிக்கொண்டே வரைந்தாள். அவள் வரைந்ததிலேயே நல்ல படம் அது.

பக்கம் மாறினாலும் இணைப்பு அதேதான். அதனால் பழைய 'நம்பாதே' எல்லாம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. புது டெக்னீசியனும் ஒன்று ஒட்டியிருக்கிறார், மொத்தம் இருபத்துநாலு. பக்கம்தான் சரியாகிவிட்டதே, எடுத்துவிடுங்களேன் என்று பதிமூணிடம் கேட்டேன்.

"ஒட்டினவங்கதான் எடுக்கணும் மேடம்" என்றார். "அவங்கவங்க செஞ்சு பார்த்துட்டு எடுப்பாங்க."

வாதாட இடமில்லை. ஆனால் என் எழுத்துமேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. எடுப்பார்கள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அலமாரி நிரந்தரம். பிரிவும் நிரந்தரம், ஒரு நிபந்தனையோடு: மாதத்தில் ஐந்து நாள் நாங்கள் இருவரும் வேலை நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும். நிபந்தனை என்று பொது மேலாளர் நினைக்கிறார். நானே கேட்க இருந்தேன். பட்டறைக்குச் சுடுதண்ணீர்க் குழாய் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

64இல் இன்றைக்கு 'நம்பாதே' ஒன்பது.

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் பார்த்தபோது 'நம்பாதே' ஒன்றே ஒன்று. யாருடையது என்று பார்க்கத் தேவையே இல்லை.

மாலையில் அந்தப் புது டெக்னீசியனிடமிருந்தே செய்தி வந்தது. 'நாளைக்கு அதே ஆஸ்பத்திரியில் கதவு ரப்பர் மாத்தணும். நீங்க பக்கத்துல நின்னு உங்க பக்கத்தை வாசிங்க, நான் செய்யறேன். தண்ணி வந்தா நீங்கதான் துடைக்கணும்.'

வருகிறேன் என்று பதில் போட்டேன், இரண்டு நிமிடத்தில். பக்கம் சரியாகத்தான் இருக்கிறது, ஒரு சொட்டு வராது. இருந்தாலும் பழைய துண்டு ஒன்றை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன்.