‘பார்த்தேன், தெரிவிக்கத் தேவையில்லை’

போன வாரம் இருமலுக்கு ஏதாவது வாங்கலாம் என்று பெரிய மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதிமதுரக் குச்சி ஒன்றை உடைத்து, "இத வாயில அடக்கிக்குங்கம்மா, செத்த நேரத்துல நிக்கும்" என்று நீட்டினார். வாயில் வைத்ததும் அந்தத் தித்திப்பும் கட்டை வாசனையும் மூக்குக்கு ஏறியது. மீன்கூடைக்காரர்கள் இடித்துக்கொண்டு போகிற வழியில் அப்படியே நின்றுவிட்டேன். நம் கேஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீ வாயில் போட்டுக்கொள்வது இதைத்தான். நீ போய் நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு சேதி சேர்ந்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோர்ட்டுக்குப் பின்னால் ஒரே அறையில் எதிரெதிர் மேசை போட்டு இருபது வருஷம் இருந்தோம். எனக்குப் பேப்பர் வேலை, உனக்கு வாதம். மைக் இல்லாத அந்தப் பழைய ஹாலில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல் உனக்கு மட்டும்தான் இருந்தது. உன் அப்பா, அம்மா இரண்டு பேரும் மில்லில் வேலை பார்த்தவர்கள். தறிச் சத்தத்தில் அம்மாவுக்குக் காது முக்கால்வாசி போயிருந்தது. "மில்லுக்காரங்க வீட்ல மெதுவா பேசுனா உடம்பு சரியில்லன்னு அர்த்தம்டி" என்பாய். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட உனக்கு அம்மாதான் குடும்பம். கருவடிக்குப்பம் வீட்டில் நீங்கள் இருவரும் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே தெருவில் போகிறவர்களுக்குச் சண்டை மாதிரி கேட்கும்.

நம் வழக்கறிஞர் சங்கத்தில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு காப்பீடு எடுத்திருந்தார்கள். செத்தால் வாரிசுக்கு ஒரு தொகை. நோயோ விபத்தோ வந்து தொழில் செய்ய முடியாமல் போனால் உயிரோடு இருக்கும்போதே ஒரு தொகை. ஒரு வருஷம் சங்கத் தலைவர் அதைப் புதுக் கம்பெனிக்கு மாற்றினார். அந்தக் கம்பெனி செலவில் நோணாங்குப்பம் படகுத் துறையில் நமக்கெல்லாம் விருந்து நடந்தது நினைவிருக்கிறதா? குடும்பத்தோடு படகு, பிரியாணி, ஆளுக்கொரு பை. தலைவர் உன்னைத்தான் நன்றி சொல்லச் சொன்னார். அந்தக் கம்பெனிக்கும் அவருக்கும் சேர்த்து நீ நன்றி சொன்னாய். தண்ணீருக்கு அந்தப் பக்கம் படகில் ஏறிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் கைதட்டினேன்.

இரண்டு வருஷம் கழித்து உன் குரல் கம்மத் தொடங்கியது. மழை, பனி, தூசி என்று மூன்று மாதம் சாக்குச் சொன்னாய். சர்க்கார் ஆஸ்பத்திரியில் தொண்டையில் புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார்கள். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், கழுத்தில் போட்டிருந்த துளைக்கு மேல் பஞ்சுத் துணியோடு உட்கார்ந்து, துண்டுச் சீட்டில் எனக்கு எழுதிக் கொடுத்தாய். "இனிமே நீதான் பேசணும். நல்லா பேசு, மானத்த வாங்காத."

உன் வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. உனக்குப் பேச முடியாது. அம்மாவுக்குக் கேட்காது, படிக்கவும் தெரியாது. சீட்டு எழுதி அம்மாவிடம் காட்டினாலும் பயனில்லை. கையைப் பிடித்து இழுத்து, சோற்றைக் காட்டி, மாத்திரையைக் காட்டிக் குடும்பம் நடத்தினீர்கள்.

காப்பீட்டுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். சந்தேகமே படவில்லை. சேரும்போது கொடுத்த சிறு புத்தகத்தில் ‘தன் தொழிலைத் தொடர முடியாத நிலை’ என்று தெளிவாக இருந்தது. கேஸ் நடத்துகிற வக்கீலுக்குக் குரல் போனால் வேறென்ன? ஒரு மாதத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. இரண்டு கை, இரண்டு கால், இரண்டு கண், அல்லது இவற்றில் ஏதாவது இரண்டு போனால்தான் ஊனம் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். பேச்சு பட்டியலில் இல்லை. மனுதாரர் எழுத்து வேலை செய்யலாம் என்று கடைசி வரி. நீ அதைப் படித்துவிட்டு ஓரத்தில் எழுதினாய்: "வக்கீலுக்கு எது கை எது காலுன்னு இவங்களுக்குத் தெரியல."

தலைவரிடம் போனேன். நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டார்.

"கம்பெனிதான் மாத்தியிருக்கான். எங்களுக்கே இப்பத்தான் தெரியுது" என்றார்.

"சார், அவளுக்கு வேற வருமானம் இல்ல. அம்மா வேற இருக்காங்க."

"கை நல்லாத்தானம்மா இருக்கு? என்னோட டிராஃப்டெல்லாம் அனுப்பறேன், வீட்லயே உக்காந்து அடிச்சுக் குடுக்கட்டும். சங்கம் கைவிட்டுடுமா?"

அனுப்பினார். ஏழெட்டு மாதம் அவருடைய மனுக்களை நீ தட்டச்சு செய்தாய். எந்த ஹாலில் நீ வாதத்தில் அவரை நிற்க விடாமல் அடித்தாயோ, அதே ஹாலில் நீ அடித்துக் கொடுத்த மனுவை அவர் வாசித்தார். "நாளைக்கு ஃபைல் பண்ணணும்" என்று அவர் ஆபீஸிலிருந்து ஆள் வந்தால், ஆஸ்பத்திரிப் பரிசோதனையை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவாய். அடுத்த வாரமும் ஒரு மனு வரும். நான் திட்டினால், "அம்மாவுக்கு மாத்திரை வாங்கணும்" என்று எழுதிக் காட்டிவிட்டு மறுபடி தட்டுவாய். மூன்று முறை தள்ளினாய். அதனால்தான் நோய் திரும்பி வந்தது தெரியாமல் போனது என்று வக்கீலாக என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்குத் தெரியும்.

‘எங்களுக்கே இப்பத்தான் தெரியுது’ என்று அவர் சொன்னது மட்டும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. உறுப்பினர் என்ற உரிமையில் எழுதிக் கொடுத்துவிட்டு, சங்க ஆபீஸில் உட்கார்ந்து பழைய கோப்புகளைப் புரட்டினேன். நாலாவது நாள் கிடைத்தது. விருந்துக்கு இருபது நாள் முன்பு கம்பெனி எழுதிய கடிதம். முந்தைய திட்டத்தில் இருந்த ‘தன் தொழில்’ என்ற விளக்கம் புதிய திட்டத்தில் இல்லை, உறுப்பினர்களுக்கு இதைத் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. ஓரத்தில் பச்சை மசியில் அவர் கையெழுத்து. அதற்கு மேல் அவரே எழுதியது: ‘பார்த்தேன், தெரிவிக்கத் தேவையில்லை.’

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நான் அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு சந்தோஷம் எனக்குள் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டோம். கம்பெனியையும் சங்கத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்தேன். தலைவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று மனுப் போட்டு அனுமதி வாங்கினேன். அன்று கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவோடு என் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய்.

"இது யாரோட கையெழுத்து?"

"என்னோடதுதான்."

"மேல எழுதியிருக்கறத வாசிங்க."

முணுமுணுவென்று வாசித்தார்.

"ஆணையத்துக்குக் கேக்கல. சத்தமா வாசிங்க."

மறுபடி வாசித்தார். நீ ஒரு சீட்டை என் பக்கம் தள்ளினாய். "போதும். விட்ரு." நான் அதைக் கவிழ்த்து வைத்தேன்.

"கடைசி வரிசையில இருக்கறவங்களுக்கும் கேக்கணும். இன்னொரு தடவ."

நம் சங்கத்து ஆட்கள் முப்பது பேர் பின்னால் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் மூன்றாம் முறை வாசித்தார். காது மடல் சிவந்திருந்தது. வெளியே வந்ததும் நீ என்னிடம் கோபமாக எழுதினாய்: "ரெண்டாவது தடவையே கேஸ் முடிஞ்சிடுச்சு. மூணாவது யாருக்கு?" எனக்கு என்றேன். நீ சிரிக்கவில்லை.

உத்தரவு வருவதற்குள் நீ போய்விட்டாய். நீ செத்ததும் ஆயுள் காப்பீட்டுத் தொகை ஐந்தே வாரத்தில் அம்மா பேருக்கு வந்துவிட்டது. ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு காகிதம் திரும்பவில்லை. அம்மாவின் காதுக்குள் வாயை வைத்து விஷயத்தைக் கத்திச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "செத்தாக் குடுக்கறவங்க, இருந்தப்போ ஏன் குடுக்கல?" எட்டு மாதம் கழித்து நம் வழக்கிலும் தீர்ப்பு சாதகமாக வந்தது. தெரிவிக்காமல் மாற்றிய விதி உறுப்பினரைக் கட்டுப்படுத்தாது என்று எழுதியிருந்தார்கள். ஊனத்துக்கான தொகை, கேட்க ஆள் இல்லாத பிறகு, அம்மாவிடம் வந்து சேர்ந்தது.

எனக்கு அது போதவில்லை. சங்கத் தேர்தலில் நின்றேன். ஓட்டுக் கேட்கப் போன இடத்திலெல்லாம் அந்தக் கடிதத்தின் நகலைக் கொடுத்தேன், வேறெதுவும் பேசவில்லை. தலைவர் பதவிக்கு மறுபடி நின்ற அவர் தோற்றார், நான் செயலாளர் ஆனேன். முதல் கூட்டத்திலேயே பழைய விளக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தோம். தன் தொழிலைச் செய்ய முடியாமல் போனால் போதும், கை கால் எண்ண வேண்டாம். தீர்மானத்தின் முதல் வரியில் உன் பெயரை எழுத வைத்தேன். இன்று கோர்ட்டில் எல்லோரும் அந்த விதியை உன் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள்.

இனி சேதிக்கு வருகிறேன். இரண்டு மாதம் முன்பு பழைய தலைவர் சங்க ஆபீஸுக்கு வந்தார், மனைவியோடு. ஆள் நன்றாகத்தான் நடந்தார். மூளையில் ரத்தம் கட்டி, கை காலெல்லாம் தப்பித்து, படிக்கும் திறன் மட்டும் போயிருக்கிறது.

"எழுத்து தெரியுதும்மா. சேர மாட்டேங்குது" என்றார். "பேப்பரப் பாத்தா ஏதோ கோலம் மாதிரி இருக்கு."

கையில் ஊனக் காப்பீட்டுப் படிவம் இருந்தது. கை இரண்டும் இருக்கிறது, கால் இரண்டும் இருக்கிறது, கண்ணும் தெரிகிறது. அவர் கையெழுத்துப் போட்ட அந்தப் பழைய பட்டியலில் அவருக்கு ஒரு பைசா கிடையாது. உன் பெயரில் இருக்கிற விதி ஒன்றுதான் அவருக்கு வழி.

விதியைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று விண்ணப்பதாரர் கையெழுத்துப் போட வேண்டும். அவரால் படிக்க முடியாதே. நான் படித்துக் காட்டினேன். தீர்மானம் முழுவதையும், முதல் வரியிலிருந்து. உன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்தேன். திரும்பவும் அந்த வரியிலிருந்தே ஆரம்பித்தேன். அவர் மேசை விளிம்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் புரிஞ்சுதுங்களா சார்?"

"புரிஞ்சுது."

"எங்க போடணும்" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன்.

செயலாளர் பரிந்துரை செய்து அனுப்பப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. மற்றவர்களுடையதை அன்றைக்கே அனுப்பிவிடுவேன். அவருடையதைப் பதினைந்தாம் நாள் சாயங்காலம் வரைக்கும் இழுப்பறையில் வைத்திருந்தேன். தினமும் அவர் மனைவி போன் செய்தார். "பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். கிழித்துப் போடவும் தோன்றியது. கடைசியில் ‘பரிந்துரைக்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருக்காகப் போடவில்லை. அனுப்பாமல் விட்டிருந்தால் உன் விதியில் முதல் பொத்தலை நான் போட்டதாக ஆகியிருக்கும். தொகை வந்த அன்று அவர் மனைவி இனிப்போடு வந்து, "பெரிய மனசும்மா உங்களுக்கு" என்றார். "மனசெல்லாம் இல்லீங்க. விதி இருக்கு" என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். அந்த வாரமும் போனேன். காதோடு கத்தி எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் உன்னை உட்கார வைத்து வேலை வாங்கிய அந்த ஆளுக்கு இப்போது படிக்க வரவில்லை, அதற்குக் காப்பீடு கொடுத்தார்கள் என்று.

"எனக்குந்தான் படிக்கத் தெரியாது. அவ எளுதி எளுதிக் காமிச்சுட்டு அளுதா. இன்னா எளுதுனாள்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியல. அதுக்கு யாரு குடுத்தாங்க?" என்றார் அம்மா. பிறகு எழுந்து எனக்குச் சோறு போட்டார்.

நீ இருந்தால் விட்டுவிடச் சொல்லி எழுதியிருப்பாய். கேஸ் முடிந்துவிட்டது என்று எழுதியிருப்பாய். உன் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன், சில நாள் வருவதில்லை. நீ எந்தச் சொல்லை எப்படி இழுப்பாய் என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. கோபம் மட்டும் நேற்று வந்தது போல அப்படியே இருக்கிறது. உன்னுடையதாக என்னிடம் முழுசாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதையும் கேட்காதே. தரமாட்டேன்.